பூஜ்யத் தண்ணீர்

ஏழாவது குழாயில் வெளிச்சம் இல்லை.

ராதிகா ஆரஞ்சு நிறக் கண்ணாடியைக் கழற்றி நைட்டியின் ஓரத்தில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஜன்னலில் தொங்கவிட்டிருந்த கறுப்புக் கம்பளிக்கு அந்தப் பக்கம் பட்டப்பகல்தான். மூன்று நாளாக விடாத ஐப்பசி மழை கரும்புத் தோகைகளின் மேல் விழும் சத்தம், யாரோ பெரிய முறத்தில் ஓயாமல் எதையோ புடைத்துக்கொண்டிருப்பதுபோல் கேட்டது. இந்தப் பக்கம், நெல் மூட்டைகளும் செயின் அறுந்த சைக்கிளும் கிடந்த சாமான் அறையின் இருட்டில், நீல டார்ச்சுக்குக் கீழே ஏழு கண்ணாடிக் குழாய்கள் வரிசையாக நின்றன. ஆறு குழாய்களில் மங்கிய பச்சை ஒளி. மின்மினியைத் துணியில் முடிந்து வைத்தால் கசியுமே, அப்படி. ஏழாவது மட்டும் பல் விழுந்த இடம்போல இருட்டாக இருந்தது.

செத்துப்போயிருக்கும் என்று நினைத்து மூடியைத் திறந்து முகர்ந்தாள். புளித்த மாவின் வாசனை. விளிம்பில் சின்னச் சின்ன நுரை. உயிரோடுதான் இருந்தது. மற்ற ஆறைவிடக் கொழுத்து, கலங்கி, சுகமாகப் பெருகியிருந்தது.

ரொட்டி மாவைப் புளிக்கவைக்கும் அதே ஈஸ்ட்தான். ஆனால் இதற்குள் ஆய்வுக்கூடத்தில் ஒரு மரபணுவைக் கூடுதலாகச் சேர்த்திருந்தார்கள். உயிரணுவின் டி.என்.ஏ.வை உடைக்கிற ரசாயனம் ஏதாவது தண்ணீரில் இருந்தால் ஈஸ்ட் தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளப் பார்க்கும். அப்போது சேர்த்த மரபணு விழித்துக்கொண்டு, நீல டார்ச் பட்டால் பச்சையாக ஒளிரும்; டார்ச்சின் நீலத்தை ஆரஞ்சுக் கண்ணாடி மறைத்துவிடும், பச்சை மட்டும் தெரியும். காயம் எவ்வளவோ, ஒளியும் அவ்வளவு. கள்ளக்குறிச்சிக் கல்லூரியில் இந்தத் திட்டத்தை நடத்தும் தெய்வசிகாமணி சார் புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்: "வாயில்லா ஜீவன் கத்துதும்மா. அது கத்தறது நம்ம காதுக்குக் கேக்காது. கண்ணுக்குத் தெரியும்."

ஏழாம் மாதத்தில் டவுன் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போகக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு, சார்தான் டார்ச்சையும் கண்ணாடியையும் கையடக்க மீட்டரையும் ஒரு பெட்டியில் வைத்துக் கச்சிராயபாளையத்துக்குக் கொடுத்தனுப்பினார். கோமுகி அணைப் பாசனத்தில் இந்தச் சுற்றுவட்டாரக் கிணறுகளைச் சோதிப்பதுதான் திட்டமே. அணைக்குக் கீழே கரும்புக்கு நடுவில் தனியாக நிற்கும் இந்த வீட்டில் இருந்துகொண்டே அதைச் செய்யலாம்.

ஏழாவது குழாயை மீட்டரில் செருகினாள். மைனஸ் நாற்பத்தொன்று.

மறுபடி செருகினாள். அதே எண். பூஜ்யத்துக்குக் கீழே.

ஏழாவது குழாயில் இருந்தது வெள்ளிமலைத் தண்ணீர். கூட வேலை பார்க்கும் பாரதி வெள்ளிமலைக்காரி. போன வாரம் மலைக்குப் போய்விட்டு வந்தவள், சாமை மூட்டையோடு ஓடைத் தண்ணீரையும் ஒரு புட்டியில் பிடித்து அனுப்பியிருந்தாள். சும்மா விளையாட்டுக்கு. ராதிகா அவளுக்குப் போன் போட்டாள்.

"இன்னா தாயே, எங்க மலத் தண்ணிக்கி மரியாத குடுத்தியா? உன் ஈஸ்ட்டு தாலாட்டு கேட்ட மாதிரி தூங்கியிருக்குமே."

"ஒளியே இல்லடி. மைனஸ் காட்டுது."

"செத்துப்போச்சா?"

"நல்லா நுரைக்குது."

"அதெப்டி பூஜ்யத்துக்குக் கீழ போவும்? மீட்டர மழையில நனச்சிட்டியா?" என்று சிரித்த பாரதி, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினாள். அந்தப் பக்கம் மழை அடிக்கும் சத்தம் போனுக்குள் சீறியது. "ராதிகா, நீ பூஜ்யத்துக்கு இன்னா தண்ணி வெக்கிற?"

"சிக்னல் இல்லடி, அப்பறம் பேசறேன்" என்று ராதிகா போனை வைத்தாள். சிக்னல் நன்றாகவே இருந்தது. எதற்காகப் பொய் சொன்னோம் என்று அவளுக்கே விளங்கவில்லை.

எந்த அளவுக்கும் ஒரு பூஜ்யம் வேண்டும். எதுவுமே கலக்காத தண்ணீரில் ஈஸ்ட் எப்படி இருக்கிறதோ அதைப் பூஜ்யமாக வைத்துக்கொண்டு, மற்றத் தண்ணீரில் அதற்கு மேல் எவ்வளவு ஒளி என்று பார்ப்பார்கள். அதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். கல்லூரியில் வடிக்கும் கருவி உப்புப் படிந்து எரிந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது. புதிது கேட்டு எழுதிய கடிதம் எந்த மேசையில் தூங்குகிறதோ தெரியாது. முனிசிபல் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் குளோரின் வாடை. ஈஸ்ட் வாடிவிடும்.

கருவி எரிந்துபோன அன்று ராத்திரி அவள் இதைச் சொல்லிப் புலம்பியபோது அவள் கணவன் தமிழ்வேந்தன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னான்: "நம்ம வூட்டு போர் தண்ணி கீறப்ப இன்னா கவல? குளோரின் இல்ல, ஒண்ணும் இல்ல. நானே புடிச்சாந்து குடுக்கறேன்."

அவனேதான் பிடித்துத் தந்தான். திங்கட்கிழமை தவறாமல் ஐந்து லிட்டர் வெள்ளைக் கேனைப் பைக்கில் கட்டிக்கொண்டு கல்லூரி கேட் வரைக்கும் வருவான். "உங்க வூட்டுக்காரரு பூஜ்யத்த தூக்கிக்கினு வந்துட்டாருடி" என்று பெண்கள் கேலி செய்வார்கள். அவளுக்குக் காது சிவந்துவிடும். கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவன் அவள் வேலைக்காகச் செய்த ஒரே காரியம் அது. மனசுக்குள் அதை எத்தனை தடவை எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள்.

பூஜ்யக் குழாயிலும் மங்கலாகப் பச்சை தெரியத்தான் செய்தது. சாரிடம் காட்டினாள். ஈஸ்ட்டுக்கு இயல்பிலேயே கொஞ்சம் ஒளி உண்டு, அதைக் கழித்துவிடு என்றார். கழித்தாள். இரண்டு வருடம், நாற்பது கிணறுகள், எல்லாவற்றிலும் அதைக் கழித்தாள். எல்லாம் சுத்தம் என்று வந்தது. கரும்பு வெட்ட வரும் செவ்வந்தி ஒருநாள் படலுக்கு வெளியே நின்று, "எங்க தெரு போர்ல ஒரு மாதிரி வாட அடிக்குதுமா, கொழந்தைங்களுக்கு குடுக்கலாமா?" என்று கேட்டபோது, "சோதிச்சிட்டேன்க்கா, தாராளமா குடுங்க" என்று அவள்தான் சொன்னாள். செவ்வந்தி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனாள்.

சாமான் அறையின் இருட்டில் ஆறு குழாய்களும் மெல்லிய பச்சையில் நின்றன. மழைச் சத்தத்துக்கு அடியில், சமையலறையில், சரியாக மூடாத குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அது காதில் விழுந்ததில்லை. டொக். கொஞ்ச நேரம். டொக்.

அன்று சாயங்காலம் தமிழ்வேந்தன் வந்தபோது வழக்கம்போல் அவன் தட்டுக்குப் பக்கத்தில் டம்ளரில் தண்ணீர் வைத்தாள். "சாப்ட்டு வந்துட்டேன்" என்றான், வழக்கம்போல். அவள் வயிற்றில் கை வைத்து, "இன்னாடா, அம்மாவ ஒதைக்கிறியா?" என்று குழந்தையிடம் பேசினான். அப்புறம் மாத்திரையை எடுத்துக் கொடுத்து, தண்ணீரையும் நீட்டினான். அவனுக்கு வைத்த டம்ளர். அவள் குடித்தாள். குடிக்கும்போதே அவனுடைய தொண்டையைப் பார்த்தாள்.

அந்தத் தொண்டையில் இந்த வீட்டுத் தண்ணீர் இறங்கிக் கடைசியாக எப்போது பார்த்தோம்?

படுத்துக்கொண்டு யோசித்தாள். அவன் வெளியில் சாப்பிட ஆரம்பித்து இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். அல்சர் என்றான், வேலை என்றான், சிநேகிதன் வற்புறுத்தினான் என்றான். குளியல்கூட வாய்க்காலில்தான். தன் சமையல் பிடிக்காமல் போய்விட்டதோ என்று அவள் புளியைக் குறைத்தாள், காரத்தைக் குறைத்தாள். ஒருதடவை அவன் சட்டையை முகர்ந்து பார்த்தாள், இன்னொருத்தியின் பவுடர் வாசனை இருக்கிறதா என்று. அதற்காக வெட்கப்பட்டு அழுதாள். இப்போது பக்கத்தில் அவன் சீராக மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு கிடந்தபோது, இன்னொருத்தி இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

விடிகாலையில் எழுந்து புதிதாக ஏழு குழாய்களில் ஈஸ்ட்டை ஊற்றினாள். ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பென்சிலால் எழுதினாள். போர். தொட்டி. குடம். சமையல். ஓடை. ஆறாவது, பைக் பையில் அவன் எப்போதும் வைத்திருக்கும் நீலப் புட்டியிலிருந்து கொஞ்சம் தண்ணீர். அதில் 'அவர்' என்று எழுதினாள். ஏழாவதற்கு என்ன எடுப்பது என்று நின்றவள், சர்க்கரை பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய டப்பாவிலிருந்து தன் சிறுநீரைச் சில சொட்டுகள் விட்டாள். 'நான்.'

ஒரு பகலும் ஓர் இரவும் ஈஸ்ட்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க அவள் வீட்டில் எதையும் குடிக்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. குழந்தை புரண்டு புரண்டு உதைத்தது. ஓட்டிலிருந்து வழியும் மழையைக் குண்டானில் பிடித்துக் குடித்தாள். ஓட்டுப் பாசியின் ருசி. தாகம் அடங்கியது. குழந்தை மட்டும் அடங்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. தமிழ்வேந்தன் வெளியே போயிருந்தான். கம்பளியை இழுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டி, நீல டார்ச்சை அழுத்தினாள்.

போர். பச்சை.

தொட்டி. பச்சை.

குடம். சமையல். பச்சை, பச்சை.

ஓடை, இருட்டு.

அவர். இருட்டு. ஓடையைப் போலவே சுத்தமான, நிம்மதியான இருட்டு.

ஏழாவதைப் பார்க்க டார்ச்சைத் திருப்ப வேண்டியிருக்கவில்லை. அது மற்றவற்றையெல்லாம் விழுங்கிக்கொண்டு எரிந்தது. அதன் பச்சையில் அவள் நகங்கள் தெரிந்தன, நெல் மூட்டையின் தையல் தெரிந்தது, சுவரில் பல்லி ஒன்று தலையைத் தூக்கிப் பார்ப்பது தெரிந்தது. கையில் எடுத்தாள். குழாய் நழுவி மூட்டையின் விளிம்பில் பட்டு உடைந்து, அதிலிருந்தது முழுக்க அவள் வயிற்றின் மேல் கொட்டியது. நைட்டி நனைந்து தோலோடு ஒட்டிக்கொண்டது. சில்லென்றிருந்தது. புளித்த வாசனை எழுந்தது.

துடைக்கக்கூடத் தோன்றவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மாமியார் கொளஞ்சியம்மாளுக்குப் போன் போட்டாள். இரண்டு வருடமாக அவள் கள்ளக்குறிச்சியில் மகள் வீட்டில் இருந்தாள். தீபாவளிக்குக்கூட இங்கே வருவதில்லை.

"இன்னா கண்ணு, ஒடம்பு இன்னா பண்ணுது?"

"அத்த, நீங்க இந்த வூட்ட வுட்டுப் போனது தண்ணிக்காகத்தான?"

டி.வி. சீரியலின் சத்தம் கேட்டது. யாரோ அதைக் குறைத்தார்கள்.

"சொல்லிட்டானா?"

"சொன்னாரு" என்றாள் ராதிகா.

"நான் கண்ணால பாத்தேன் கண்ணு. பின்னாடி பாழுங்கெணறு கீதில்ல, அதுல வெளியூரு கம்பெனி லாரி வந்து கொழாய வுட்டு ஊத்திட்டு, இவன் கையில காசு குடுத்துட்டு போவும். கேட்டா, ஒரத் தண்ணி, கரும்புக்கு நல்லதுன்றான். மறு மாசமே அந்தக் கெணத்தோரம் நின்ன வேப்பமரம் மொட்டையா போச்சி. வேம்பு சாவுமா? நான் சண்ட போட்டேன். என்ன இட்டாந்து இங்க வுட்டுட்டான். அப்பதான் உனக்கு மொத கொழந்த கலஞ்சிது." அவள் குரல் தணிந்தது. "உனக்கு தனியா கேன் தண்ணி வாங்கி குடுக்கறேன்னு எந்தலையில அடிச்சி சத்தியம் பண்ணான். வாங்கி குடுக்கறான் இல்ல?"

ராதிகா சுவரைப் பார்த்தாள். பல்லி இன்னும் அங்கேயே இருந்தது.

"குடுக்கறாரு அத்த."

போனை வைத்தாள். கேன் ஏன் வரவில்லை என்பது புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கேன் வந்திருந்தால் எதற்கு என்று கேட்டிருப்பாள். கேட்டிருந்தால் சோதித்திருப்பாள், பூஜ்யமே விஷம் என்று தெரிந்திருக்கும். அவள் கையெழுத்துப் போட்டால்தான் நாற்பது கிணறும் சுத்தம், லாரியும் நிற்காமல் வரும். அவள் கையெழுத்து சுத்தமாக இருக்க, அவளும் அதையே குடித்துக்கொண்டிருக்க வேண்டும். இரண்டாவது முறை, நாலரை மாதத்தில் கலைந்தபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் பாதங்களைப் பிடித்துக்கொண்டு அவன் அழுதது நினைவு வந்தது. நிஜமாகத்தான் அழுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த பெரிய புட்டியைத் திறந்தான். 'தண்ணி நெறைய குடிக்கச் சொன்னாங்க.' தலையைத் தாங்கிப் பிடித்து, வாயோரம் வழிந்ததைத் தன் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி, முழுப் புட்டியையும் கொடுத்தான்.

போக வேண்டும். துணி எதுவும் வேண்டாம், பை எதுவும் வேண்டாம். கரும்பு வழியாக ரோட்டுக்குப் போனால் கள்ளக்குறிச்சி பஸ். எழுந்து நின்றாள்.

பைக் சத்தம் வாசலில் நின்றது.

அதே நொடியில் கரண்ட் போனது. கதவிடுக்கில் தெரிந்துகொண்டிருந்த கூடத்து விளக்கு அணைந்தது. மத்தியானமா சாயங்காலமா என்று சொல்ல முடியாத மழை இருட்டு வீட்டுக்குள் புகுந்தது.

"ராதிகா?"

ஈரக் காலடிகள். கூடம். சமையலறை. குடத்தின் மூடியை எடுக்கும் சத்தம். தண்ணீர் டம்ளரில் விழுந்தது. நிறைய நிறைய மெல்லியதாகிக்கொண்டே போகும் அந்தச் சத்தம். நின்றது.

காலடிகள் இங்கே வந்தன. கதவு திறந்தது.

"இருட்டுல இன்னா பண்ற?"

"வேல."

"அம்மா போன் பண்ணாங்க." அவன் குரலில் கோபம் இல்லை. மழையில் நனைந்த சட்டையின் வாசனையும், அதற்கு அடியில் வெளியில் சாப்பிட்ட பரோட்டா வாசனையும். "மாத்திர போட்டியா?"

"இல்ல."

"நெனச்சேன். இந்தா."

டம்ளர் இருட்டில் அவளை நோக்கி வந்தது. அவள் மூட்டையோடு முதுகை ஒட்டிக்கொண்டாள். அவனுக்குப் பின்னால்தான் கதவு.

"மொதல்ல நீங்க குடிங்க."

மழை. சமையலறையில் சொட்டும் குழாய். டொக்.

"எனக்கு தாகம் இல்ல."

"ரெண்டு வருஷமாவா?"

அவன் ஒரு அடி முன்னால் வைத்தான். குழாயின் உடைந்த சில்லு செருப்புக்குக் கீழே நொறுங்கியது. "இத்தினி நாளு குடிச்சல்ல" என்றான், காய்ச்சல்காரக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவனின் குரலில். "இன்னா ஆயிடுச்சி இப்ப? குடி."

இன்னா ஆயிடுச்சி. முதலாவது மூன்று மாதம். இரண்டாவது நாலரை. இரண்டுக்கும் அவள் மனசுக்குள் பெயர் வைத்திருந்தாள். அவனிடம் சொன்னதில்லை.

வயிற்றுக்குள் குழந்தை அசைந்தது. உதை இல்லை. மெல்லத் தேய்த்துக்கொண்டு மேலே வரும் அசைவு. புளித்த ஈரம் ஒட்டியிருந்த இடத்துக்கு நேராக வந்து நின்றது. அங்கே சூடாக இருந்தது.

நெற்றியில் இருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினாள். டார்ச்சை அழுத்தினாள்.

அவனைக் காணவில்லை. அவன் நின்ற இடம் அந்த ஆறாவது குழாய்போலச் சுத்தமான இருட்டு. டம்ளரும் இருட்டு. அவனைச் சுற்றிலும் இருட்டு.

கீழே பார்த்தாள்.

நைட்டிக்கு அடியில் பச்சை. முதலில் ஒரு திட்டு. மேலே கொட்டியதுதான் என்று நினைத்தாள். நைட்டியைத் தூக்கினாள். மேலே இல்லை. தோலுக்கு அந்தப் பக்கம். உள்ளேயிருந்து.

ஐந்து விரல்கள். நெல்மணி அளவு ஐந்து நுனிகள், தோலில் பதிந்து, எலும்பு தெரிய ஒளிர்ந்தன.

"குடி, ராதிகா" என்றது இருட்டு.

டம்ளரின் விளிம்பு அவள் உதட்டில் பட்டது. உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம். அந்தச் சத்தம் கேட்டதும் பச்சைக் கை தோலின் மேல் மெல்லத் திரும்பியது. டம்ளர் இருந்த பக்கமாக. விரல்கள் விரிந்தன. மூடின. மறுபடி விரிந்தன.

கொடு என்று கேட்பதுபோல.